சலவை அறைக் கடிதம்

பாதாம் பொதியை இன்னும் உடைக்கவில்லை.
காலை ஐந்து மணி. ஓல்டன் நிலையத்தில்
முதல் ரயில் தடம் மாறும் சத்தம்.
மேசையை இரண்டு தரம் துடைத்தேன்,
உருளைக்கட்டையை வெந்நீரில் போட்டேன்,
நகக்கண்ணையும் தேய்த்தேன்
சத்திரசிகிச்சைக்குப் போகிறவள் மாதிரி.

மூன்றாம் மாடி யானிக்குக்கு
ஒரு துணுக்குப் பாதாம் பட்டாலும்
தொண்டை அடைத்துவிடும்.
அவன் தாய், திருமதி எஷ்லிமான்,
ஆறு வருஷத்தில் எனக்குப்
பதினொரு கடிதம் எழுதியிருக்கிறாள்,
எல்லாம் சலவை அறைக் கதவில் ஒட்டியவை.
"பஞ்சை வழித்துவிடுங்கள்."
"உங்கள் நாள் செவ்வாய் மட்டும்."
அடியில் மறக்காமல்
அன்பான வணக்கங்களுடன்.

வெண்ணெய், மா, எலுமிச்சைத் தோல்.
நட்சத்திரமாய் வெட்டியதில்
ஒன்றுக்குக் கால் முறிந்தது. நானே தின்றேன்.
மிச்சம் இருபத்துமூன்று.
ஆறவிட்டு, பேணியில் அடுக்கி,
மூடியைச் சுற்றி ஒட்டுநாடா.

பிறகுதான் பொதியை உடைத்தோம்.
ஹேசல்நட் வறுபட்டு வீடெல்லாம் மணத்தது.
கஜு நறுக்க வந்த துவாரகன்
பாதியை வாயில் நறுக்கினான்.
டீச்சருக்கு, தபால்காரருக்கு,
பேர்னில் மச்சாளுக்கு,
எனக்கு லீவு தராத மேலாளருக்கும் ஒன்று.
பத்துப் பேணி.
ஒன்றுக்கும் நகம் தேய்க்கவில்லை.

இரவு, சலவை அறைக் கதவில்
அவள் ஒட்டும் அதே உயரத்தில்
என் முதல் கடிதம்:
"கொட்டை வகை எதுவும் இல்லை.
கிட்டவும் வரவில்லை.
பேணி உங்கள் வாசலில்.
அன்பான வணக்கங்களுடன்."

செவ்வாய் கீழே போனேன்.
கடிதத்தைக் காணோம்.
உலர்த்தியின் வடியை இழுத்துப் பார்த்தேன்:
ஒரு நூல் பஞ்சு இல்லை.