ஒலிக்காத ஈறு

நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரிகள் சிவப்பு.
அதே நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டும் பச்சை.
இரண்டையும் அருகருகே வைத்து
எழுத்தெழுத்தாகப் படிக்கிறேன்.
ஒரு காற்புள்ளிகூட நகரவில்லை.

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் மூன்றரைக்கே இருட்டு.
படகு நேரங்களைக் கணக்கிடும் நிரல் இது.
ஹானுஸ் தன் புது விண்டோஸ் மடிக்கணினியில் திறந்து,
மூடி, கமிட் செய்துவிட்டு
ஆடு அடைக்கப் போய்விட்டான்.

அவன் இயந்திரம் வரியை முடிக்க
இரண்டு குறி வைக்கும்:
இடது ஓரத்துக்குத் திரும்பு. ஒரு படி இறங்கு.
என் லினக்ஸுக்கு இறங்கினால் போதும்,
திரும்பியதாக அதுவே எடுத்துக்கொள்ளும்.
தட்டச்சுப் பொறிகள் போய்விட்டன.
அவற்றைத் தள்ளிய கையசைவு மட்டும்
வரிக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

குறை சொல்ல எனக்கு வாயில்லை.
தூரி என்று கூப்பிடுகிறார்கள் என்னை.
எழுதும்போது கடைசியில் ஓர் எழுத்து,
தலையில் குறுக்குக்கோடு போட்டது.
ஃபாரோ நாக்கு அதைத் தொடுவதில்லை.
விட்டுவிட்டு எழுதினால் அது நானில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம்;
இது பூசணித் தோட்டத்தில் ஒரு பருக்கை.
ஈற்றைக் கண்டுகொள்ளாதே என்று கிட்டிடம் சொன்னேன்.
திரை வெறிச்சென்று ஆனது. மிஞ்சியது ஒரே வரி:
காற்று நொடிக்குப் பதினெட்டு மீட்டர் தாண்டினால்
படகு இல்லை என்றிருந்தது,
பதினைந்தாகியிருக்கிறது.

தொலைபேசியில் அவனுக்குப் பின்னால் ஆடுகள்.
"ஆமாம், அது ஒன்றுதான் மாற்றினேன். கேப்டன் கேட்டார்.
மற்றதா? எந்த மற்றது?"

அப்படியே சேர்த்தால்
எந்த வரியை யார் எழுதியது என்று கேட்டாலும்
கிட் ஹானுஸைக் காட்டும்.
அந்தக் கட்டளைக்குப் பெயரே பழி.
ஒன்பது வருடம் ஏழு பேர்
எழுதியது, அடித்தது, சண்டைபோட்டுத் திருத்தியது எல்லாம்
ஒரு மாலையில் ஒருவன் தலையில்.

பதினைந்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
எல்லாக் கோப்புக்கும் ஒரே ஈறு என்று
ஒற்றை வரியில் விதி எழுதி,
மொத்தத்தையும் என் பெயரில் நேராக்கினேன்.
பழி தேடும்போது தாண்டிப்போக வேண்டியவை என்ற பட்டியலில்
அந்த கமிட்டின் எண்ணை
நானே சேர்த்துவிட்டேன்.
மனிதர்களுக்குள் இந்த வசதி கிடையாது.

திங்கள் காலை ஆறரைக்குப் படகுத்துறையிலிருந்து
டோன்யால் ஒரு படம் அனுப்பினான்.
அச்சான பயணிகள் பட்டியல்:
முதல் பெயர் இடது ஓரத்தில்,
        அது முடிந்த இடத்துக்குக் கீழே அடுத்தது,
                அதற்கும் தள்ளி இன்னொன்று,
                        நான்காவது பாதி தாளில்
                                பாதி கடலில்.
அந்தக் கிழட்டு அச்சுப்பொறி
திரும்பு என்று சொன்னால்தான் திரும்பும்.

"என்ன மாற்றினாய்?"
ஒன்றுமில்லை என்று தட்டி, அழித்தேன்.
இந்த ஒரு கோப்புக்கு மட்டும் இரண்டு குறி என்று
விதிக்குக் கீழே இன்னொரு வரி.

எட்டு மணிக்குப் பட்டியல் நேராக வந்தது,
என் பெயரைப் போன்ற பெயர்கள்
ஒலிக்காத கடைசி எழுத்தோடு.
வெளியே காற்று பதினாறு.
படகு போகவில்லை.