நான்காவது ஃபவுல்

மவுலிக்கு மூணாவது ஃபவுல் விழும்போது
ஷூ லேஸை இறுக்கிக் கட்டுவேன்.
நாலாவதுக்கு எழுந்து நிற்பேன்.
யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

கரூரில் இருபத்தாறு பாயிண்ட்.
ரீபவுண்டு எத்தனையென்று
எண்ணியவரே எண்ணுவதை விட்டுவிட்டார்.
அடுத்த வாரம் பொள்ளாச்சியில் மூன்று.
அதில் இரண்டு, கை தவறிப் போர்டில் பட்டு
தானாக உள்ளே போனது.
உடுமலைக்குத் திரும்பும் பஸ்ஸில்
முட்டி இரண்டும் முன்சீட்டில் இடிக்க
வெளியே காற்றாலைகளை எண்ணிக்கொண்டு வந்தான்.
பின்னாலிருந்து எவனோ சொன்னான்:
"இவனும் அதே கணக்குதான்,
காத்தடிச்சாத்தான் சுத்துவான்."
எல்லோரும் சிரித்தோம். நானும்.
மவுலி திரும்பவில்லை.
எண்ணுவதை நிறுத்திவிட்டான் என்பது மட்டும் தெரிந்தது.

ஒன்பதாவது முழுப்பரிச்சை லீவில்
என் காதுக்கு இருந்தான்.
பதினொன்றுக்கு வரும்போது கதவு நிலைக்குக் குனிந்தான்.
ஆறடி ஆறு.
கோச் அவனை அளந்த நாளில்
சென்டர் இடம் என்னைவிட்டுப் போனது.
டேப் சுருண்டு டப்பிக்குள் போன சத்தம்
இன்னும் கேட்கிறது.

எங்கள் தோட்டத்தில் ஐயாயிரம் பிராய்லர்.
ஒருநாள் குஞ்சு, நாற்பது நாளில் இரண்டு கிலோ.
முப்பதுக்கு மேல் சிலது எழாது.
நெஞ்சு வளர்ந்துவிடும், கால் வந்து சேராது.
தீவனத் தட்டுக்கு ஒரு முழம் தள்ளி
உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கும்.
விடியலில் அதுகளைப் பொறுக்குவது என் வேலை.
இதை மவுலியிடம் சொன்னதில்லை.
ஆனால் அவன் பந்தை வாங்கித் திரும்பும்போதெல்லாம்
எனக்கு ஷெட்டின் ஈர உமி வாசம் வரும்.

அவன் தப்பு எனக்குத் தெரியும்.
கோச்சுக்கு முன்னாலேயே தெரியும்.
பெஞ்சிலிருந்து பார்த்தால் காலாட்டம்தான் நன்றாகத் தெரியும்.
இடப்பக்கம் திரும்பும்போது
குதிகாலை ஊன்றிவிட்டு யோசிக்கிறான்.
அந்த அரை நொடியில் ஆள் வந்து நின்றுவிடுகிறான்,
இவன் முழங்கை போகிறது,
விசில்.
வலப்பக்கம் யோசிப்பதே இல்லை.
கரூர்க்காரர்கள் அவனை வலப்பக்கமே விட்டார்கள், அவ்வளவுதான்.
மூன்று மாதம் இதை வைத்திருந்தேன்,
பையில் கிடக்கும் யாருடையதோ சாவி மாதிரி.

ஆடிக் காற்று. கிரவுண்டில் மண் பறக்கிறது.
ஆறு மணிக்கு எல்லோரும் போயாச்சு.
அவன் மட்டும் ரிங்குக்கு அடியில்
இடக்கையால் போட்டுக்கொண்டிருக்கிறான்.
பந்தைக் காற்று தள்ளுகிறது.
காற்றை அவன் திட்டுவதில்லை.
பதினேழு, பதினெட்டு, விழவில்லை.
மறுபடி ஒன்று.
தப்பினால் முதலிலிருந்து எண்ணுகிற ஆள்
பொள்ளாச்சியில் எப்படி அப்படி ஆடினான்?

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டேன்.
"டேய், குதிகாலை ஊனாதே."
"ஏன்டா?"
"ஊனாதே. விரல்ல நின்னு திரும்பு. யோசிக்காம."
திரும்பினான். பந்து போர்டின் விளிம்பில் பட்டுத்
தண்ணித் தொட்டிக்கு ஓடியது.
இன்னொன்று. அதுவும் ஓடியது.
"முன்னைக்கு இது மோசமா இருக்குது" என்றான்.
"இருக்கும்."
அவன் முதுகில் முன்கையை வைத்துத் தள்ளினேன்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகவே.

ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுக்காரர்களோடு மேட்ச்.
மூன்றாவது குவார்ட்டரிலேயே நாலு ஃபவுல்.
எழுந்து நின்றேன்.
கோச் என் பக்கம் திரும்பினார்.
அதே நேரம் பந்து அவனுக்கு வந்தது, இடப்பக்கம்.
நின்றேனா உட்கார்ந்தேனா தெரியவில்லை.
வாய் மட்டும்
குதிகால், குதிகால் என்றது.