வித்தவுட்

பீட்டர்மாரிட்ஸ்பர்க். ஜூலை.
தகரக் கூரையிலிருந்து உறைபனி உருகிச் சொட்டும் காலையில்
நாற்றுப் பண்ணையின் கணக்கு ஏட்டில்
பதினேழாம் வரியில் அதைப் பார்த்தேன்:
வித்தவுட் – பதினான்கு.

எது இல்லாமல் பதினான்கு?
தொட்டியா, விலையா,
வேரே பிடிக்கவில்லையா?

எனக்குத் தெரிந்து அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்.
சாத்தூர் தாண்டியதும்
ரயில் கக்கூஸ் கதவுக்குப் பின்னால்
மூச்சைப் பிடித்து நின்றிருக்கிறேன்.
டி.டி.ஆர். மூன்று முறை தட்டினார்.
அபராதத்தில் கைக்கடிகாரம் போயிற்று.

மோகனவள்ளி படையாச்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.
பண்ணையும் அதன் கடனும் அவளுடையவை.
அவளிடம் மிச்சமிருக்கும் தமிழ்
ரசம், சாமி, மாமா, ச்சீ.
'அது மரம்' என்றாள் ஆங்கிலத்தில்,
'ஹாலி ஜாதி. கடைசி வரிசை, தண்ணீர்த் தொட்டி ஓரம்.'

மண் லாரியோடு வந்த ஹென்னி
இறங்காமலே சொன்னான்:
வித் என்றால் வெள்ளை, ஹௌட் என்றால் கட்டை.
நடுவில் ஒரு மூச்சு விடணும்.
லேபிள் அடித்தவன் விடவில்லை,
அவ்வளவுதான்.

ஹ்லெங்கிவே இந்த வழக்குக்கே வரவில்லை.
சாப்பிட்ட கையோடு
இரண்டு பிடி இலையை உருவி
குழாயடியில் கசக்கினாள்.
நுரை. மணிக்கட்டு தாண்டி, முழங்கை வரை நுரை.
இபுபூமா என்றாள். பொங்குவதாம்.
பொங்கலோ பொங்கல் என்று கத்திவிட்டேன்.
ஏன் என்று கேட்கவில்லை அவள்.
கையை முகர்ந்து பார்த்தாள்,
மத்தி மீன் வாடை போயிருந்தது.

மூன்று மணிக்கு ஹில்டனிலிருந்து ஒரு அம்மாள்.
கையில் பத்திரிகையில் கிழித்த படம்:
ஒரு இலை இல்லாத கிளை,
கிளை கொள்ளாமல் சிவப்புப் பழம்,
பின்னால் ஏதோ ஒரு தேசத்தின் பனி.

'இதில் இலை இருக்கிறதே' என்றாள்.
இது உதிர்க்காத ஜாதி, அம்மா.
'வித்தவுட் என்று எழுதியிருக்கிறீர்கள்.
இலை இல்லாமல் என்றுதானே?'

உருவித் தரட்டுமா என்று
நாக்கு நுனி வரை வந்தது.
பழம் வைத்திருந்த ஒன்றே ஒன்றை,
பெண் மரத்தை, இலையோடு
அவள் கார் டிக்கியில் சாய்த்து வைத்தேன்.
ரசீதிலும் அதே பெயர்தான் விழுந்தது.

என் பர்ஸிலும் ஒரு ரசீது இருக்கிறது.
உள்துறை அலுவலகம் மார்ச்சில் கொடுத்தது:
விண்ணப்பம் பரிசீலனையில்.
நாலாய் மடித்து மடித்து
மடிப்பில் தேதி அழிந்துவிட்டது.
டவுன் மினிபஸ்ஸில்
சில்லறையை முதல் ஆளாய் நீட்டுகிறேன் இப்போது.
இருந்தும் போலீஸ் வேன் நின்றால்
காது கதவுத் தட்டலைக் கேட்கிறது.

ஐந்தரைக்கு டர்பன் ஆடிட்டர் போன்.
'வித்தவுட் பதினான்கு என்கிறதே உங்கள் பட்டியல்,
அத்தனையும் காணோமா?'
இல்லை, இருக்கிறது என்றேன்.
'இல்லையா, இருக்கிறதா?'
இருக்கிறது. ஒன்று விற்றது.
'போய் எண்ணிவிட்டுச் சொல்லுங்கள்.'

டார்ச்சோடு கடைசி வரிசைக்குப் போனேன்.
பதின்மூன்று.
ஒவ்வொரு லேபிளையும் திருப்பி
பின்பக்கம் மார்க்கரால் எழுதினேன்:
வித், ஒரு விரல் இடம், ஹௌட்.
கீழே இபுபூமா.
ஆறாவதிலேயே மை தீர்ந்தது.

குளிர். தொட்டித் தண்ணீர் மேல்
ஆடை கட்டத் தொடங்கியிருந்தது.
அந்த அம்மாள் கொண்டுபோனதின்
ஈர வட்டம் இன்னும் காயவில்லை.
அதில் நின்று பேனாவை உதறிக்கொண்டிருந்தேன்.

அப்போது யாராவது எண்ணியிருந்தால்
கணக்கு சரியாக இருந்திருக்கும்.