இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு

தாசில்தார் வரும்வரை ஒரு குஞ்சும் கிட்ட வரக்கூடாது பூமயில்
என்று சொல்லிவிட்டு
வி.ஏ.ஓ. பைக்கை உதைத்துக் கிளம்பி இரண்டு மணி நேரம்.
நான் தலையாரி.
மாடு களவு போனாலும்
பிணம் கரையொதுங்கினாலும்
முதலில் காவல் நிற்பது நான்தான்.
விமானத்துக்கு நிற்பது இது முதல் தடவை.

மூக்கு உப்புப் பாத்திக்குள் இறங்கிவிட்டது.
விசிறியின் ஓர் இதழ்
வெயிலில் போட்ட வாழைமட்டையாய்ச் சுருண்டிருக்கிறது.
இறக்கையிலிருந்து பெட்ரோல் சொட்டுகிற இடத்தில்
தண்ணீர் மயில்கழுத்து நிறம்.
பீடி பற்றவைத்த இரண்டு பேரை
கெட்ட வார்த்தை சொல்லித்தான் விரட்டினேன்.

ஆள் இரண்டு. உயிர் இரண்டும் உண்டு.
உப்பளத்தை விலை பேச வந்த நாச்சியப்பனுக்குக்
காறை எலும்பு போயிற்று.
நூற்றெட்டில் ஏற்றும்போதும்
பத்திரப் பை எங்கே, பத்திரப் பை எங்கே என்றார்.
ஓட்டிவந்த டெரிக் பீரிஸ், தூத்துக்குடிக்காரர்,
ஒன்றும் கேட்கவில்லை.
நெற்றியில் ரத்தம் வழிய
ஒற்றைச் செருப்போடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்,
சந்தையில் மாட்டை விட்டுவிட்டு வருகிறவன் மாதிரி.
மற்றச் செருப்பு இதோ, என் காலடியில்.
மகஜரில் எழுத வேண்டும்: இடது, பழுப்பு, ஒன்று.

சீனி இபுராகிம் வலையைத் தோளில் போட்டபடி வந்தார்.
விமானத்தைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார்.
"ஆடிக் கச்சான் முதுகில் அறையும்போது
கிழக்கே ஏன் ஓட்டினான்?
பட்டம் விடுகிற பயலுக்குத் தெரியும்,
காற்றுக்கு முகம் கொடுத்தால்தான் ஏறும்."
மேற்கே கரண்டுக் கம்பி இருக்கே, மாமு.
"அப்ப காத்து விழட்டும்னு இருந்திருக்கணும்."
மூன்று மணிக்கு மதுரையில் பத்திரப் பதிவாம்.
"காத்துக்கு ஏதும்மா மூணு மணி" என்று நடந்துவிட்டார்.

இதெல்லாம் சிக்கல் இல்லை.
கம்பெனியின் மண்பாதை எங்கள் ஊர்.
பாத்தி பக்கத்து ஊர்.
நடுவில் ஓர் எல்லைக்கல் இருந்தது.
சக்கரம் அதைப் பிடுங்கி எங்கோ எறிந்திருக்கிறது.
கல் நின்ற குழி எது?
இங்கே எல்லாமே குழிதான்.
எழும்பினது உங்க ஊர் என்கிறார் அந்த வி.ஏ.ஓ.
விழுந்தது உங்க ஊர் என்கிறார் எங்களவர்.
ஊர்ப்பெயருக்கு நேரே காகிதம் வெள்ளையாகவே கிடக்கிறது.
சங்கிலியோடு சர்வேயர் நாளைக்குத்தான் வருவார்.

சும்மா நிற்க முடியாமல்
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
நானே எட்டுப் போட்டு அளக்கப் போனேன்.

பாதையில் மூன்று சக்கரக் கோடு.
முன்னது முதலில் முடிகிறது.
பின்னிரண்டும் கொஞ்சம் கொஞ்சமாய் மெலிந்து,
கோலமாவு தீர்ந்த விரல் இழுத்த மாதிரி,
இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல்
இல்லாமலாகின்றன.
அதற்கப்புறம்
பாதை, களர், உப்புப் பொருக்கு.
காலையில் நண்டு ஓடிய கீற்றுக்கூட அப்படியே.
எண்ணிக்கொண்டே போனேன்.
பொருக்கு அப்பளமாய் நொறுங்கியது.
இருநூற்றுப் பன்னிரண்டாவது எட்டில்
மண்ணைக் கிழித்த முதல் கீறல்.

இருநூற்றுப் பன்னிரண்டு.
இது எந்த ஊர்க் கணக்கு?
பட்டாவா, புறம்போக்கா?
கீழே நிழல் மட்டும் ஓடியிருக்கும்.
நிழலுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

திரும்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது.
போன வழி நெடுக
என் கால்தடம்,
ஒன்றுவிடாமல், ஆழமாய்.

பொழுது சாய்ந்து ஜீப் வந்தது.
தாசில்தார் டார்ச்சை அடித்து,
நடுவில் நிறுத்தி,
இதில் நடந்தது யார் என்றார்.

நான்தான், ஐயா.
அதற்கு முன்னால்
இங்கே யாரும் நடக்கவில்லை.