மணவறை விழுந்த இடம்

கதைப்படி
அது பாசலுக்குக் கிட்டத்தான் விழவேண்டும்.
கேதாரன் எழுதியிருந்தான்:
காட்சி நாற்பத்தொன்று. மாலை. நல்ல வெயில்.
வானின் கூரையில் கட்டிய மணவறை
கயிறறுந்து சரிகிறது.
நால்வரும் ஆளையாள் பார்க்கிறார்கள்.
(சிரிப்பு வரும்.)

அடைப்புக்குள் அப்படித்தான் எழுதுவான்,
சிரிப்பையும் பெற்றோல்போல
டோட்முண்டிலேயே நிரப்பிக்கொண்டு
புறப்படலாம் என்பதாக.

விழுந்ததோ கார்ல்ஸ்ரூகே தாண்டமுதல்.
அப்போது காட்சி மூன்றுகூட எடுத்து முடியவில்லை.
மழை.
பின்சீற்றில் பிருந்தன்
கமராவைக் கைக்குழந்தைபோல அணைத்தபடி
வாய்திறந்து உறக்கம்.

மேலே ஏதோ கிறீச்சிட்டது.
பின்கண்ணாடிக்குள்
ரெஜிபோமில் செய்த மயிலொன்று
தோகையோடு எழும்பிப் பறந்தது.

"மயில் போகுது" என்றான் யோகதாஸ்.
நூற்றுப்பத்தில் ஓடிக்கொண்டிருந்தவன்
கண்ணைக்கூடத் திருப்பவில்லை.
படத்தில் அவனுக்கு எழுபது வசனம்.
ஒன்றுகூட இதற்கு உறைபோடக் காணாது.

பொலிஸ் வந்தது.
சேறு தோய்ந்த சிவப்புப் பட்டை
இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து
இது என்ன என்று கேட்டது.
இங்கேயே பிறந்த அபிதாரணிதான்
தடுமாறாத ஜேர்மனில் சொன்னாள்:
கல்யாணம் செய்கிற கதிரை.
யாருக்கு?
எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

பட்டு வேட்டி. தலைப்பாகை.
அதன்மேல் யோகதாஸ் களஞ்சிய வேலைக்குப் போடும்
மினுங்கும் மஞ்சள் மேலங்கி.
பொலிஸ்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி
வாழ்த்துச் சொன்னார்.
மற்றக் கையால்
அபராதத் துண்டை நீட்டினார்.

ஆனால் உண்மையான சிக்கல்
அதற்குப் பிறகுதான்.
ஓய்விடத்துக் கழிப்பறை வாசலில்
ஒரு யூரோ போட்டால் திறக்கும் கம்பி.
வேட்டிக்கு எங்கே பொக்கற்?
வானின் திறப்போடு யோகதாஸ்
தெருவோரம் மற்ற மயிலைப் பொறுக்கிக்கொண்டு நிற்கிறான்.
நான் கால்மாற்றிக் கால்மாற்றி
லொறிக்காரர் வரிசையில்
மாப்பிள்ளைக் கோலத்தில் கையேந்தினேன்.

போலந்துக்காரர் ஒருவர்
தலைப்பாகையிலிருந்து செருப்புவரை படித்துவிட்டு
இரண்டு நாணயம் தந்தார்.
ஒன்று உனக்கு, ஒன்று பொம்பிளைக்கு
என்று விரலால் விளங்கப்படுத்தினார்.
அபிதாரணி தன் பங்கோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்
கோப்பி வாங்கிக் குடித்தாள்.

எனக்கு நாற்பத்துமூன்று.
இன்றுவரை எனக்கு விழுந்த மொய்
அந்த ஒரு யூரோதான்.
அதையும் உடனே செலவழித்துவிட்டேன்.
இது எதுவும் படத்தில் இல்லை.
கமரா சார்ஜில் கிடந்தது.

பாசலுக்குப் போகவில்லை.
மிஞ்சிய துண்டுகளைத் திரும்பவும் கட்டி
டோட்முண்டில் பூட்டிக் கிடந்த தளபாடக் கடையின்
கார் தரிப்பிடத்தில், ஒரு ஞாயிறு,
ஏழுமுறை தள்ளி விழுத்தினோம்.
எட்டாம்முறைக்கு
விழ ஏதும் மிச்சமில்லை.

தியேட்டரில் வெளியீடு. காலை பதினொரு மணி.
அடைப்புக்குள் சிரிப்பு எழுதிய இடங்களில்
சனம் மிக்சர் சாப்பிட்டது.
பிருந்தனின் மைக் மேலிருந்து எட்டிப்பார்த்தபோது
இரண்டு பொடியள் கைதட்டினார்கள்.
கேதாரன் எனக்குப் பக்கத்தில்
நகத்தை முடித்து விரலுக்கு வந்திருந்தான்.

காட்சி நாற்பத்தொன்று.
மணவறை மெதுவாக, மிக மெதுவாக,
வயலின் இசையோடு சரிந்தது.

முன்வரிசையில் ஓர் உருவம் எழுந்தது.
ஹம் நகரத்துத் திலகேஸ்வரி அன்ரி,
மணவறையின் சொந்தக்காரி.
மாடிப்படியில் லேசாகத் தட்டுப்பட்டதென்று
நாங்கள் அவவுக்குச் சொல்லியிருந்தோம்.

"ஐயோ, என்ர மயில்!"

அதன்பிறகு வந்த பத்து நிமிட வசனம்
ஒருவருக்கும் கேட்கவில்லை.
கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.
கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள்.
அன்ரி திரும்பி நின்று எல்லோரையும் முறைக்க
இன்னும் சிரித்தார்கள்.
இருட்டுக்குள் கேதாரன்
பேனை இருக்கிறதா என்று என்னிடம் கேட்டான்.

மாதம் நாற்பது யூரோவாகக் கட்டுகிறோம்.
மயிலுக்குத் தனிக் கணக்கு.