கேள்வி நேரம்

யாப் சியோக் நெய் அம்மையார் நினைவு
வானியல் சொற்பொழிவு, பதினேழாம் ஆண்டு.
கெண்ட் ரிட்ஜ் மேட்டில்
ஜன்னலே இல்லாத அரங்கு.
வெளியே மழை. நஷ்டம் ஒன்றுமில்லை,
மழை விட்டாலும் இங்கே வானம்
துறைமுக விளக்கின் ஆரஞ்சுச் சாயம்தான்.

மைக் கொண்டுபோவது என் வேலை.
ஒருவருக்கு ஒரு கேள்வி, முப்பது விநாடி.
சொந்தக் கதை தொடங்கினால்
சிரித்தபடி கையை நீட்ட வேண்டும்.
ஒன்பது வருடமாக நீட்டுகிறேன்.

அம்மையாருக்குப் பூகிஸில்
கைக்கடிகாரக் கடை இருந்ததாம்.
விற்ற பணத்தை இங்கே போட்டுவிட்டுப் போனார்.
அசலைத் தொடக்கூடாது. வட்டி மட்டும்
வருடத்துக்கு ஒருமுறை வாய் திறக்கலாம்.
"அணைந்த விண்மீனின் ஒளி
இன்னும் நம்மிடம் வருவதுபோல"
என்பார் புலமுதல்வர், தவறாமல்.
கைதட்டுவார்கள். எனக்கு ஒப்பவில்லை.
விண்மீன் வட்டியில் எரிவதில்லை,
அசலையே தின்றுதான் ஒளிர்கிறது.
அம்மையார் சிக்கனக்காரி.
அந்த ரகமில்லை.

இந்த முறை பேசியவர் ஹில்டா ஓயென்,
நார்வேயின் வடகோடியிலிருந்து.
அவர் ஊரில் விண்மீன்கள் தலைக்கு மேல்
செக்கு மாடாய்ச் சுற்றுமாம்.
இங்கே நேராக ஏறி நேராக இறங்குகின்றன,
உங்கள் லிஃப்டுபோல, என்றார்.
வீவக மக்கள் சிரித்தோம்.

முதல் கேள்வி கருந்துளை.
எப்போதும் கருந்துளைதான்.
இரண்டாவது, நிலாவில் மனை வாங்கலாமா.
மூன்றாவது கை கடைசி வரிசையில்,
அவசரக் கதவருகே, பாதி உயர்ந்து.

ரோஸ்லான். பாசிர் பாஞ்சாங்கில் கிரேன் ஓட்டுகிறார்.
ஒளிரும் மேலங்கி மடித்து மடியில் இருந்தது.
"கேள்வி இல்லை. ஒன்று பார்த்தேன்."
என் கை தானாக நீண்டது,
மைக்கைத் தொட்டது,
அங்கேயே நின்றது.

விடிகாலை மூன்று மணிக்கு ஓய்வாம்.
ஏணி மேடையில் நின்று ரொட்டி தின்கையில்
தெற்கே தீவுகளுக்கு மேலே, நன்றாக மேலே,
சிவப்பாய் ஒன்று. இமைக்காது.
பக்கத்தில் இரண்டு சின்ன நட்சத்திரம்.
அவற்றைத் தாண்டி வாரத்துக்கு ஒரு விரல் நகர்ந்தது.
பிறகு நின்றது.
பிறகு, வந்த வழியே திரும்பியது.

பையிலிருந்து பணிநேரத் தாள் வந்தது.
முதுகுப்பக்கம் பென்சிலில் மூன்று மாதம்:
ஒரு விரல். மேகம். மேகம். ஒன்றரை. மழை.
மேகம். இரண்டு. அதே இரண்டு. புகைமூட்டம்.
ஒன்றரை.

மலாயில் தொடங்கி ஆங்கிலத்தில் முடித்தார்.
யாரிடமும் சொல்லவில்லை.
முன்னே போவது பின்னே வருகிறது என்று
சொல்லும் கண்ணை நம்பி
நாற்பது டன் பெட்டியை யார் ஒப்படைப்பார்?
டாக்டரிடம் அனுப்பியிருப்பார்கள்.

ஓயென் மேடையை விட்டு இறங்கி
படி படியாக ஏறி அவரிடம் வந்தார்.
தாளை வாங்கவில்லை.
"விரல் என்றால், கையை முழுதாக நீட்டியா?"
ரோஸ்லான் நீட்டிக் காட்டினார்,
அரங்கின் கூரையை நோக்கி, ஒரு கண் மூடி.
ஓயெனும் பக்கத்தில் நின்று அப்படியே நீட்டினார்.

"செவ்வாய். அது திரும்பவில்லை.
உள்தடத்தில் நாம் வேகமாய் ஓடி
அதை முந்திவிட்டோம்."
"அப்போ நகர்ந்தது நானா?"
"நீங்கள், உங்கள் கிரேன், பெட்டி, கப்பல், எல்லாம்."
கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்,
கண் சரிதானே?

புலமுதல்வர் இரண்டு முறை
மணிக்கட்டைத் திருப்பினார்.
வாசலில் கறிபாப் ஆறிக்கொண்டிருந்தது.

இரவு படிவம் நிரப்பினேன்.
கேள்விகள்: இரண்டு.
நேர மீறல்: பதினொரு நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
மழை என்று எழுதி, அடித்து,
மைக் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது
என்று எழுதினேன்.