எறிதூரம்

முதலாம் குறுக்குத் தெரு, மூன்றாம் மாடி.
நவ்பர் முதலாளியின் கிட்டங்கியில்
பெட்டிகளுக்கு நடுவே எனக்கொரு கதிரை.
புரொஜெக்டர் கையேடு, பக்கத்துக்கு நானூறு ரூபாய்.
ருவந்தி சிங்களத்தை நேற்றே முடித்துக் கொடுத்துவிட்டாள்.
நான் இன்னும் நாலாம் பக்கத்தில்.

லூமனை லூமன் என்றே விட்டேன்.
பெட்டியில் ஒன்பதாயிரம் என்று அச்சடித்திருக்கிறது.
"மெய்யாய் எவ்வளவு வரும்?"
"இருநூறு. அதுவும் யன்னலைச் சாத்தினால்"
என்றார், பிளேன்ரீயை ஊதியபடி.
பெட்டி சொல்வதற்குத்தான் எனக்குக் காசு.

வில்லைக்கும் சுவருக்கும் நடுவில் இருப்பதை
எறிதூரம் என்று எழுதினேன்.
தள்ளிப் போகப் போகப் படம் பெருக்கும்,
வெளிறும்.
மெல்பேர்ணில் இருந்து பேசும் அண்ணனின் ஞாபகத்தில்
பத்து நிமிட வேலை கெட்டது.

கருவி சாய்ந்திருந்தால் படத்தின் மேல் விளிம்பு அகலும்.
ஒரு பொத்தானை அழுத்தினால் நேராகிவிடும்.
கருவி என்னவோ சாய்ந்தபடிதான்;
ஓரத்துப் புள்ளிகள் மட்டும் வேலை இழந்து நிற்கும்.
இதற்குச் சரிவுத் திருத்தம் என்று பேர் வைத்தேன்.
பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

அடுத்து வந்தது 'நேட்டிவ்'.
அகராதி 'பூர்வீகம்' என்றது.
எழுதி, வெட்டினேன்.
எத்தனை படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பியாயிற்று,
பொலிஸ் பதிவு உட்பட.
'உள்ளபடியான தெளிவு' என்று போட்டேன்.
எவ்வளவு பெரிய படத்தையும் இது ஏற்கும்,
தன்னிடம் இருக்கும் புள்ளிகளுக்குள் நசுக்கிக் காட்டும்.

கறுப்புக்கு வந்தபோது சப்ரி ஒன்றைப் பிரித்துச் சுவரில் அடித்தான்.
இரவுக் காட்சி. ஒரு பெண், விரித்த கூந்தல்.
"கறுப்பை இது எறியாது, மிஸ்.
வெளிச்சம் போகாத இடம் சும்மா சுவர்தான்."
பார்த்தேன்.
அவள் கூந்தல் எங்கும் வெளிறிய பச்சைப் பெயின்ற்.
காதருகே
பழைய கலண்டரின் ஆணித் துளை.

பிறகு அவன் வயரைப் பிடுங்கினான்.
நீலத் திரையில் மூன்று வரி வந்தது.
ஆங்கிலம் கட்டத்துக்குள் காலாட்டிக்கொண்டு இருந்தது.
சிங்களம் ஒருவாறு இடம் பிடித்துக்கொண்டது.
போன மாதம் நான் எழுதிக் கொடுத்த 'சமிக்ஞை இல்லை'
கட்டத்தை முட்டி, கடைசி எழுத்தைத் தவறவிட்டு,
'சமிக்ஞை இல்'
என்று நின்றது.

"இல் என்றால் என்ன, மிஸ்?"

வீடு என்றேன்.